மண்ணுக்கு அடியில் ஓடும் வண்டி

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மதுரையில் நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவதே மரபு. அதனைச் செவ்வனே செய்யவல்ல பேராசிரியப் பெருமக்கள் எனக்கு முன்னும் பின்னும் இருக்கின்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது ரயில் வண்டி. அதிலும் குறிப்பாக, மண்ணுக்கு அடியில் ஓடுகின்ற ரயில் வண்டி. வேலையில் இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பின்னும் அதைக் காண்பதும், அதில் ஏறிச் செல்வதும், கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதுமே என் பொழுதுபோக்கு. "பாதாள ரயிலுக்கும் நம் சங்கத்திற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதையே இன்று சொல்ல வந்துள்ளேன்.

என் தந்தையாரிடமிருந்து தொடங்குகிறேன். நாங்கள் அவரை 'அய்யா' என்று அழைப்போம். மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதையில் அவர் கீமேனாகப் பணியாற்றினார். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக் கணவாய்க்கும் இடைப்பட்ட ஒரு பகுதி அவருடையது. 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளம் கழற்றப்பட்டு, போருக்குப் பின் மீண்டும் போடப்பட்ட பாதை அது. கீமேன் என்றால் யார் என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டீர்கள். விடியற்காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் தோளிலே, சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கையிலே கொண்டு புறப்பட்டு, தமக்குரிய தூரத்தை முழுவதும் நடந்தே பார்த்து, தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் சாவிகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவது அவர் கடமை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே எந்தச் சாவி தளர்ந்தது என்பதை அய்யா சொல்லிவிடுவார். பள்ளிக்கூட வாசலை மிதியாத மனிதர்தாம். ஆயினும் நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் நாள்தோறும் அவர் செவிப்புலனை நம்பிச் சென்றது.

ரயில்வே அவருக்குப் பூட்ஸ் கொடுத்திருந்தது. இருப்புப்பாதையின்மேல் அவர் அந்தப் பூட்ஸோடு நிமிர்ந்து நடப்பார். வேலை முடிந்து பாதையை விட்டு இறங்கி, ஊர்த்தெருவின் வழியாக எங்கள் குடியிருப்புக்கு வரவேண்டும். ஊர்த்தெருவின் முனை வந்ததும் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். எங்கள் தெரு வந்த பிறகு மீண்டும் அணிந்துகொள்வார். சிறுவனாகிய நான் ஒருநாள், "ஏன் அய்யா கழட்டுறீக?" என்று கேட்டேன். "அது சர்க்கார் பாதை, இது ஊர்ப் பாதைடா" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றடி மூன்று அங்குல அகலமுள்ள அந்த இருப்புப்பாதை ஒன்றே, என் தந்தையார் மனிதராக நடந்த நிலம் என்பதை நான் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. ரயிலின்மீது எனக்குண்டான பற்று வேடிக்கைப் பற்று அன்று என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

நண்பர்களே! நம் மக்களின் போராட்ட வரலாற்றில் ஒரு பாதி, வழிக்கான போராட்டமே ஆகும். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடையில்லை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-ஆம் ஆண்டில் கொண்டுவந்து நிறைவேற்றவேண்டியிருந்தது. நம்மவர்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்தாகும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் அவர்கள் உத்தரவிடவேண்டியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1901-ஆம் ஆண்டில், தம் தந்தையைக் காண ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார். ரயிலில் வந்தவரையில் இடையூறு ஒன்றுமில்லை. நிலையத்தைவிட்டு வெளியேறத் தொடங்கிய பிறகே சோதனை வந்தது. இன்ன சாதிப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரி விலகி நின்றார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர் எவரும் ஏற்றிச்செல்ல இசையவில்லை. முடிவில் பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் நடந்தே உடன் வருவது என்று ஏற்பாடாயிற்று. தம் வாழ்க்கை நினைவுகளில் அண்ணல் இதனை எழுதியுள்ளார். இருப்புப்பாதை முடிகிற இடத்தில் தீண்டாமை தொடங்கிற்று. என் தந்தையார் பூட்ஸைக் கழற்றிய இடமும் அதுவேயன்றோ?

இனிப் பாதாள ரயிலுக்கு வருகிறேன். 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், இந்தியாவின் முதல் சுரங்க ரயில் அன்றைய கல்கத்தா நகரில் ஓடத் தொடங்கிற்று. எஸ்பிளனேடு முதல் பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர், 5 நிலையங்கள். 1972-ஆம் ஆண்டு இறுதியில் அடிக்கல் நாட்டப்பட்டு, தெருத்தெருவாகத் தோண்டி மூடி, ஏறத்தாழ 12 ஆண்டுகள் அந்நகரமே புழுதியில் கிடந்தபின் வந்த வண்டி அது. அப்போது நான் சிக்னல் பிரிவில் இளநிலைப் பணியாளன். ரயில்வே பாஸ் இருந்ததால் அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்குப் புறப்பட்டுவிட்டேன். மாடிப்படி இறங்குவதுபோல இறங்கி, வெளிச்சம் நிறைந்த ஒரு மண்டபத்தில் நின்றேன். வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருட்டுக் குகையிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் வந்து மோதிற்று. வண்டி வருவதற்கு முன்பே வண்டியின் காற்று வந்துவிட்டது. சைக்கிள் பம்பின் உள்தண்டை அழுத்தினால் காற்று எவ்வாறு முன்னே தள்ளப்படுகிறதோ, அவ்வாறே குறுகிய சுரங்கத்துக்குள் வண்டி தனக்கு முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சுரங்க ரயிலின் முதல் பாடமாக என் குறிப்பேட்டில் இதனையே எழுதினேன்.

அந்தப் பாதையில் இன்னொன்றையும் கண்டேன். தலைக்குமேல் மின்கம்பி இல்லை. தண்டவாளத்தின் அருகே மூன்றாவதாக ஒரு தண்டவாளம் கிடந்தது. 750 வோல்ட் மின்சாரம் அதன் வழியாகப் பாய்கிறது. சென்னையில் வேறு முறை. அங்கே 25,000 வோல்ட் மின்சாரம் தலைக்கு மேலிருந்து வருகிறது. சுரங்கத்துக்குள் தொங்கும் கம்பிக்குப் பதிலாக விறைப்பான கடத்தி ஒன்றைக் கூரையோடு பிணைத்திருக்கிறார்கள். கல்கத்தாவின் முதல் பாதை 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. சென்னை மெட்ரோவோ 1435 மில்லிமீட்டர் அளவுள்ளது. கீமேன் மகனுக்கு முதலில் கண்ணில் படுவது தண்டவாளத்தின் அகலந்தானே!

உலகின் முதல் சுரங்க ரயில் 1863-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் லண்டன் மாநகரில் ஓடியது. நீராவி எஞ்சின், சுரங்கம் முழுவதும் புகை. ஆயினும் முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் அதில் ஏறினார்கள். அந்த வண்டியில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என மூன்று பிரிவுகள் இருந்தன. சீமானும் தச்சரும் ஒரே புகையைத்தான் சுவாசித்தார்கள், ஆனால் வேறு வேறு பெட்டிகளில். 1890-ஆம் ஆண்டில் ஆழத்தில் குடைந்து அமைக்கப்பட்ட முதல் மின்சாரச் சுரங்க ரயில் அந்நகரில் வந்தபோது வகுப்புப் பிரிவு நீக்கப்பட்டது. அனைவர்க்கும் ஒரே கட்டணம், ஒரே வகை இருக்கை. பாரிஸ் நகரச் சுரங்க ரயிலிலோ 1900-ஆம் ஆண்டு முதல் இருந்த முதல் வகுப்பு 1991 வரையில் நீடித்தது. சமத்துவம் என்பது எந்திரத்தோடு தானாக வந்துவிடுவது அன்று, யாரேனும் ஒருவர் முடிவு செய்தால்தான் வரும் என்பதற்கு இவ்விரு நகரங்களே சான்று.

சென்னையிலும் இதே கதை நடந்தது. 2015-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ரயில் தொடங்கிற்று. அன்று முதல் வண்டியை ஓட்டியவர் ஓர் இளம்பெண் என்பதை இங்குள்ள மாணவியர் நினைவில் கொள்ளவேண்டும். 2017 மே 14 அன்று திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை முதல் சுரங்கப் பகுதி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒவ்வொரு வண்டியிலும் சிறப்பு வகுப்பு என்று ஒரு பகுதி இருந்தது. இரட்டிப்புக் கட்டணம் கொடுத்தவர்கள் அங்கே அமரலாம். பெரும்பாலும் அது காலியாகவே ஓடும். அடுத்த பகுதியில் மக்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். 2020-ஆம் ஆண்டில் அதனை நீக்கி, அந்த இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். நற்செயல் என்று அன்றைய பக்கத்தில் குறித்து வைத்தேன்.

ஓய்வு பெற்றபின் ஆண்டின் பெரும்பகுதியை வண்ணாரப்பேட்டையில் மகள் வீட்டில் கழிக்கிறேன். காலையில் அங்கே சுரங்கத்தில் இறங்கி ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம், சென்ட்ரல் என்று கூவம் ஆற்றுக்கும் அடியிலே சென்று, ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, நந்தனம் கடந்து, சைதாப்பேட்டைக்குப் பின் வண்டி மெல்ல மேலேறிச் சூரிய வெளிச்சத்துக்கு வருகிறது. அந்தக் கணத்தில் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை தலை நிமிர்வார்கள். மீண்டும் குனிந்துகொள்வார்கள். நான் பலநூறு முறை கண்ட காட்சி இது. ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சியே.

இருக்கைகள் எதிரெதிராக நீளவாக்கில் அமைந்துள்ளன. ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தீரவேண்டும். ஒருநாள் என் வலப்புறம் வழக்கறிஞர் அங்கியை மடித்து மடியில் வைத்தவர் ஒருவர், இடப்புறம் சுண்ணாம்புக் கறை படிந்த கைகளையுடைய வெள்ளையடிக்கும் தொழிலாளி ஒருவர். வண்டி குலுங்கியபோது மூவர் தோளும் இடித்தன. எவரும் எவரையும் 'நீ யார்?' என்று கேட்கவில்லை. பயணச்சீட்டில் சாதிக்கு இடமில்லை. இந்தச் சிறு நிகழ்ச்சியைப் பெரிதாகச் சொல்கிறேனே என்று இளைஞர்கள் நினைக்கக்கூடும். பூட்ஸைக் கையில் ஏந்திய தந்தையின் மகனுக்கு அது சிறு நிகழ்ச்சி அன்று.

ஆனால் என் குறிப்பேட்டில் எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு நிலையத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரோடு அவ்வப்போது பேசுவேன். "நீங்கள் வேலைக்கு இதே வண்டியில்தானே வருகிறீர்கள் அம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க ஐயா, பஸ்சுலதான் வரேன். பஸ்சுல எங்களுக்கு டிக்கெட் இல்லை. இதுல போக வர ஆகிற காசுல வீட்டுக்குக் காய்கறி வாங்கிடலாம்" என்றார். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், மிகுந்த கட்டணம் 50 ரூபாய் என்ற நிலையில் அவர் சொன்ன கணக்கு அது. சாதி கேட்காத வாசலில் காசு கேட்கிறார்கள். கண்ணாடிபோல் மின்னும் அந்தத் தரையைத் துடைப்பவர் அதன்மேல் பயணியாக நடப்பதில்லை. நியூயார்க் நகரச் சுரங்க ரயிலில் 1904 முதல் 1948 வரை 44 ஆண்டுகள் கட்டணம் 5 சென்டாகவே இருந்தது. ஏழைத் தொழிலாளர்கள் நகரின் எந்த மூலைக்கும் சென்று வேலை தேட அது உதவிற்று. கட்டணம் என்பதும் ஒரு கதவே. அது எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இப்போது சுரங்கம் எவ்வாறு குடையப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். மாணவர்கள் கவனிக்க. நம் ஊர்களில் உறைகிணறு இறக்குவதைக் கண்டிருப்பீர்கள். மண்ணைத் தோண்டத் தோண்ட, வட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக்கொண்டே போவார்கள். மண் சரியாமல் உறை தாங்கிக்கொள்கிறது. அந்த உறைகிணற்றைப் படுக்கவைத்தால் அதுவே ரயில் சுரங்கம். பேரெந்திரம் ஒன்றின் முகப்பில் உள்ள வட்டத் தகடு சுழன்று மண்ணைச் சுரண்டுகிறது. சுரண்டிய மண் திருகுபோன்ற குழாய் வழியாகப் பின்னே செல்கிறது. எந்திரத்தின் வாலுக்குள்ளே வளைந்த கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்து ஒரு வளையம் பூட்டுகிறார்கள். அந்த வளையத்தையே உதைத்துக்கொண்டு எந்திரம் முன்னேறுகிறது. வளையத்தை நிறைவு செய்யும் கடைசித் துண்டிற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'சாவி' என்பதாகும். அதைக் கேட்டபோது நான் என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன்.

மதுரைக்கு அருகே கீழடியில் 2014-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகளில் சுடுமண் உறைகிணறுகளும், நீர் செல்லும் சுடுமண் குழாய்களும் கிடைத்தன. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், யானைகள் செல்லுமளவுக்கு அகன்ற சுருங்கை வீதி பேசப்படுகிறது. மண்ணுக்கு அடியில் வழி அமைக்கும் கலை இந்நிலத்திற்குப் புதிதன்று. அந்த உறைகளைச் சுட்ட கைகளும், குழியில் இறங்கித் தோண்டிய கைகளும் எவருடையவை என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

அடுத்துப் பாதுகாப்பைப் பற்றி. பழைய ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து மோதாமல் இருக்க ஒரு முறை இருந்தது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே வரும். பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் அதை வைத்து டிரைவரிடம் நீட்டுவார்கள். டோக்கன் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கக்கூடாது. என் பணிக்காலத்தில் முதலில் நான் பழுது பார்த்தவை அந்தக் கருவிகளே. இன்றைய மெட்ரோவில் பிரம்பு வளையம் இல்லை. முன்னால் செல்லும் வண்டி எங்கே உள்ளது என்பதைக் கணிப்பொறி இடைவிடாமல் கண்காணித்து, பின்னால் வரும் வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுரங்க நிலையங்களில் மேடை விளிம்பில் கண்ணாடிக் கதவுகள். வண்டி வந்து நின்றால்தான் அவை திறக்கும். முறை மாறினாலும் கொள்கை ஒன்றே. மனித உயிரை எவருடைய கவனக்குறைவுக்கும் விட்டுவைக்கலாகாது.

சுரங்கப் பணி நடக்கும் ஓர் இடத்தின் வாசலையும் பார்த்தேன். உள்ளே இறங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வில்லை. இறங்கும்போது பலகையில் மாட்டவேண்டும், ஏறும்போது எடுக்கவேண்டும். பெரிய குழாய்களின் வழியே உள்ளே நல்ல காற்று செலுத்தப்படுகிறது. நச்சுக்காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. பெரும்பாலும் வட மாநிலங்களிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களே அங்கே உழைக்கிறார்கள். அங்கும் விபத்து நேர்வதுண்டு. ஆயினும் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

பெரியோர்களே! நான் சொல்ல வந்த செய்தி இதுதான். அன்று மாலையே, அதே சாலையில், ஒரு ஃபர்லாங் தூரத்தில், பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நால்வர் நின்றார்கள். ஒருவன் அரைக்கால் சட்டையோடு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தான். காற்றுக் குழாய் இல்லை, அளவுகருவி இல்லை, வில்லை மாட்டும் பலகையும் இல்லை. அவனுக்கும் கீழே, அதே மண்ணில், குளிரூட்டப்பட்ட வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சாலையின் அடியில் இருவகைச் சுரங்கங்கள். ஒன்றில் மனிதனுக்குக் கணக்கு உண்டு, மற்றொன்றில் இல்லை. நான் ஓடிச்சென்று தடுத்தேன். "காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு சார்" என்றார்கள். இறங்கியவன் அன்று உயிரோடு மேலே வந்தான்.

என் பெரியப்பா மகன் வரவில்லை. எனக்கு மூன்று வயது மூத்தவர். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில்தான் சேர்ந்தோம். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றார். அவர் தந்தைக்கு நிலையான வேலை இல்லை, என் தந்தைக்கு இருந்தது. எங்களுக்குள் இருந்த வேறுபாடு அவ்வளவுதான். பிழைப்புத் தேடிச் சென்ற ஊரில் ஒருநாள் சாக்கடைக் குழிக்குள் இறங்கினார். சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகும்போது மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று மனிதன் எண்ணுகிற நேரமே அவன் மடிகிற நேரம். அவரை மீட்க இறங்கிய இன்னொருவரும் மாண்டார். அந்தச் செய்தி தந்தியாக வந்தபோது நான் டோக்கன் கருவி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்குக் கொடுத்த டோக்கனை என் அண்ணனுக்கு எவரும் கொடுக்கவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதித்து மறுவாழ்வுக்கு வகைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றி மனிதனைச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. எந்திரமும் இல்லாமல் இல்லை. சாக்கடைக் குழியைத் துப்புரவு செய்யும் இயந்திர மனிதக் கருவி 2018-ஆம் ஆண்டிலேயே கேரளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றுக்கு அடியில் வண்டி ஓட்டத் தெரிந்த நாடு இது. ஹூக்ளி ஆற்றின் அடியில் 2024 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அறிவுக்குக் குறைவில்லை. அந்த அறிவை எவருக்காகச் செலவிடுவது என்பதிலேதான் குறை.

நம் மதுரைக்கு வருவோம். திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் அமைக்கத் தமிழக அரசு திட்டம் வகுத்தது. செலவு 11,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பகுதி, மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த குறுகிய தெருக்களைக் கருதி, சுரங்கமாக அமையவேண்டும் என்பது திட்டம். 2025 நவம்பரில் மத்திய அரசு இத்திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி நகரில் 20 லட்சம் பேர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எனக்கு ஏமாற்றமே. 1939 ஜூலை 8 அன்று கக்கன் அவர்களும் தோழர்களும் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்த அந்தக் கோயிலின் பக்கத்திலே, எவரும் எவரையும் தடுக்கமுடியாத ஒரு வண்டியில் என் பேரனோடு போகவேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்.

எனினும் தாமதத்திலும் ஒரு நன்மை உண்டு. அந்த வண்டி என்றேனும் வரும். வருகிறபோது நாம் எங்கே நிற்கப்போகிறோம்? குழி தோண்டும் இடத்தில் மட்டுமா, தரை துடைக்கும் இடத்தில் மட்டுமா? அல்லது வண்டி ஓட்டும் அறையிலும், சிக்னல் கட்டுப்பாட்டு அறையிலும், மண்ணின் தன்மையை ஆராயும் கூடத்திலும், கட்டணம் இவ்வளவு என்று முடிவு செய்யும் மேசையிலும் நிற்போமா? அதற்கான படிப்பை இன்று தொடங்கினால்தான் அன்று தகுதியோடு நிற்கமுடியும். ஐ.டி.ஐ., டிப்ளமோ ஆகியவற்றைத் தாழ்வாக எண்ணாதீர்கள். மின்னியல், எந்திரவியல், மின்னணுவியல் டிப்ளமோ படித்த பிள்ளைகளே இன்று மெட்ரோ வண்டிகளை ஓட்டுகிறார்கள்.

முடிவாகச் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஆண்டுதோறும் பத்து மாணவ மாணவியரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, சுரங்க ரயிலில் ஏற்றி, அதன் ஒவ்வோர் உறுப்பையும் விளக்கவேண்டும். அழைத்துச் செல்வதும் விளக்குவதும் என் பொறுப்பு. செலவில் பாதியை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். இரண்டாவது, சங்கத்தின் இரவுப் பாடசாலையில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் எளிய பாடமாக வைக்கவேண்டும். குழிக்குள் இறங்கச் சொன்னால் "மாட்டேன்" என்று சொல்வதற்கு ஒருவனுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது என்பதை நம் தெருவில் ஒவ்வொருவரும் அறியவேண்டும். மூன்றாவது, நம் உறுப்பினர் குடும்பங்களில் இன்னும் அத்தொழிலில் இருப்போர் எத்தனை பேர், எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரு பதிவேடு தொடங்கவேண்டும். அரசாங்கம் வில்லை கொடுக்கும்வரையில் நம் சங்கமே அவர்களுக்கு ஒரு பலகை வைக்கட்டும். மாலையில் எவர் பெயர் திரும்பவில்லை என்று கேட்க ஓர் ஆளாவது இருக்கட்டும்.

என் தந்தையாருடைய சுத்தியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் நடந்த மீட்டர் கேஜ் பாதை இன்று இல்லை. 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடி வரை வண்டி செல்கிறது. திறந்த சில நாட்களில் அதில் பயணம் செய்தேன். அய்யா இறங்கி நடக்கும் இடத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன். ஊர்த்தெருவின் முனையில் பள்ளிச் சீருடையணிந்த நம் தெருப் பெண்பிள்ளைகள் இருவர், காலில் பூட்ஸோடு, சைக்கிளில் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். வண்டி அவர்களைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.